செலவும் ஸஃபரும்

பயணத்தை அரபியில் ‘ஸஃபர்’ என்பர். திரை விலக்குதல், வெளிப்படுத்துதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. மனிதரின் உள்ளியல்பை வெளிப்படுத்திக் காட்டுவதனாலேயே பயணம் அப்பெயர் பெற்றது என்று மொழியறிஞர் விளக்கம் கூறுவர். முப்பது ஆண்டுகளாக மத்ரஸா மாணவர்க்கு இச்சொல்லின் வேரை விளக்கி வருகிறோம். ஆயினும் அவ்விளக்கத்தின் உண்மையை நாம் உணர்ந்தது சென்ற சில மாதங்களில்தான். அதுவும் பயணம் சென்று திரும்பியபின் அன்று. பயணத்துக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருந்த வேளையிலேயே உணர்ந்தோம்.

பண்டைத் தமிழில் பயணத்துக்குச் ‘செலவு’ என்று பெயர். பொருள் தேடிப் புறப்படும் தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு தன் பயணத்தைச் சிறிது தள்ளிவைப்பதைச் ‘செலவழுங்குதல்’ என்று நூலோர் குறிப்பர். இன்று அச்சொல் கையிலுள்ள பணம் கரைவதைக் குறிப்பதாகிவிட்டது. இலங்கைக்கு நான்கு நாள் சென்று வரலாம், அங்கே வாடகைக்கு ஒரு கார் எடுத்து நாமே ஓட்டிச் செல்லலாம் என்று நாம் வீட்டில் வாய் திறந்ததும் நம் துணைவியார் கேட்டது, “செலவு எவ்வளவு ஆகும்?” என்பதுதான். பழம்பொருளில் கேட்டாரா, புதுப்பொருளில் கேட்டாரா என்று நாம் ஆராயவில்லை. இரு பொருளிலும் நம்மிடம் அப்போது விடை இல்லை.

இலங்கை நம் குடும்பத்துக்குப் புதிய நாடன்று. நம் பாட்டனார் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பலில், ‘போட் மெயில்’ சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, ஊருக்கும் கொழும்புக்கும் போய்வந்தவர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவ்வழி அடைபட்டது. அவருடைய போக்குவரத்தும் அத்துடன் நின்றது. கடலுக்கு அப்பால் உள்ள நாடு என்று நம் இராமநாதபுரக் கரையில் எவரும் இலங்கையைச் சொன்னதில்லை. ‘அக்கரை’ என்றே சொன்னார்கள். அந்த அக்கரையை நாம் ஒருமுறையேனும் காண வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம்.

சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அது நம் மகன்.

அவனுக்கு வயது பதினாறு. ஓதிப் படித்து ஆலிமாக வேண்டும் என்று நாம் அவனைக் குறித்து எண்ணியிருந்தோம். பதின்மூன்றாம் வயதில், தனக்கு எந்திரங்களைப் படிக்கவே விருப்பம் என்று அவன் தன் உம்மாவிடம் சொன்னான். நம்மிடம் நேரே சொல்லவில்லை. அதுவே நம்மை அதிகமாக வருத்தியது. நாம் தடுக்கவில்லை. ஆனால் வாழ்த்தவும் இல்லை. அன்று முதல் அவன் நம்முன் பேசும் சொற்கள் குறைந்தன. கேட்டால் விடை சொல்வான். கேட்காவிடில் கைப்பேசியில் ஆழ்ந்திருப்பான். ஆயிரம் மாணவரைப் பேசவைத்த ஓர் ஆசிரியர் தம் வீட்டில் ஒருவனைப் பேசவைக்க இயலாது நின்ற கதை இது. ஒரு காரின் முன்னிருக்கைகளில் இருவர் நான்கு நாள் உட்கார்ந்திருந்தால் ஏதேனும் பேசித்தானே ஆக வேண்டும் என்று கருதினோம். பேருந்தையும் இரயிலையும் விடுத்துக் காரை நாடியதன் உட்பொருள் இவ்வளவே.

வழக்கம்போல் நாமே திட்டம் வகுத்தோம். முழுத்தாள் இரண்டில், பதின்மூன்று இடங்களை வரிசையிட்டு எழுதினோம். பேருவளைக் கடற்கரைக் குன்றின்மேல் வெண்ணிறமாய் நிற்கும் கெச்சிமலைப் பள்ளி. காலிக் கோட்டைக்குள் 1892இல் தொடங்கிய பஹ்ஜத்துல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி. கோட்டைக் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, தொலைவிலிருந்து காண்போர் தேவாலயம் என்று மயங்கும்படி எழுப்பப்பட்ட மீரான் பள்ளிவாசல். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) அரபுத்தமிழைச் சுமந்து நடமாடிய தென்கரை ஊர்கள். இப்படியே பட்டியல் நீண்டது. அனைத்துக்கும் மேலாக, காலியில் மும்மொழிக் கல்வெட்டு என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டோம்.

தாளை மகனிடம் நீட்டி, “படித்துப் பார், தம்பி” என்றோம். அவன் நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்தான். பிறகு ஒரு பென்சிலை எடுத்தான்.

“வாப்பா, உங்க பாஸ்போர்ட் இன்னும் நாலு மாசத்திலே முடியுது” என்றான்.

ஹஜ்ஜுக்கென எடுத்து அலமாரியில் வைத்ததை நாம் புரட்டியே பார்க்கவில்லை. நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்பது விதி. அவனுக்கோ பாஸ்போர்ட்டே இல்லை. பதினெட்டு நிரம்பாதோர்க்கு ஐந்தாண்டு, அல்லது பதினெட்டு வயது நிரம்பும் நாள், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரையே தருவர்; ஆனால் பதினைந்து வயதைக் கடந்தோர் பத்தாண்டுக்கும் கேட்டுப் பெறலாம் என்பதை அவனே அறிந்து வந்து சொன்னான். அடுத்து ஓட்டுநர் உரிமம். நம் ஊர் உரிமம் அக்கரையில் செல்லாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நான்கு-ஏ படிவம் எழுதிக்கொடுத்து, ஆயிரம் ரூபாய் கட்டி, ஓராண்டு செல்லும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி பெற வேண்டும். அதுவும் தனியே போதாது. இலங்கையில் இறங்கியபின் அதற்கோர் ஒப்புதலோ, தற்காலிக உரிமமோ பெற்ற பின்னரே வண்டியைத் தொடலாம். இவற்றையெல்லாம் ஒரு பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ணிட்டு எழுதியிருந்தான். எப்போது எழுதினான் என்பது நமக்குத் தெரியாது.

மூன்றாவதாக அவன் சொன்னதே நம்மைத் தலைகுனிய வைத்தது. “நீங்க அடிக்கோடு போட்ட கல்வெட்டு காலியிலே இல்லை, வாப்பா. கொழும்பு மியூசியத்திலே இருக்கு.”

எத்தனை ஆண்டுகள் அக்கல்லைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறோம்! சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ, பிறப்பால் முஸ்லிம், 1409ஆம் ஆண்டைப் பொறித்துக் கொணர்ந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவந்துறைத் தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் உரிய காணிக்கைகளைக் கூறுகின்றன. ஒரே கல்லில் மூன்று சமயத்தாரை மதித்த கையொன்று அக்காலத்தில் இருந்தது என்று உருகி உருகிச் சொல்வோம். 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததை ஒரு பொறியாளர் கண்டெடுத்தார் என்பதையும் சொல்வோம். அங்கிருந்து அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றதை மட்டும் சொன்னதில்லை. கண்டெடுத்த இடத்திலேயே நம் மனம் அதை நட்டுவைத்துவிட்டது போலும்.

“மதகுக்கு மூடியா போட்டிருந்தாங்களா? மேலே வண்டி போச்சா?” என்று கேட்டான். மூன்றாண்டுகளில் அவன் நம்மிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. எழுத்துகளைவிட அந்தக் கல் எவ்வளவு சுமை தாங்கியிருக்கும் என்பதே அவன் ஆவல். நாம் சினம் கொள்ளவில்லை. கல் ஒன்றுதான், அவன் அதற்குள் வேறு வாசல் வழியாக நுழைகிறான் என்று கண்டோம்.

அன்றிலிருந்து இஷாத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் இருவரும் அமர்ந்தோம். ஒருநாள் இப்னு பதூதாவின் பயண நூலை எடுத்துவந்தோம். 1344இல் அவர் பாவா ஆதம் மலையில் ஏறி இறங்கி, தேவந்துறையை ‘தீனவர்’ என்றும், காலியை ‘காலீ’ என்றும் குறித்து, கொழும்பு வரை வந்த பகுதியை அரபியில் வாசித்துப் பொருள் சொன்னோம். காலியில் இப்ராஹீம் என்னும் மாலுமித் தலைவர் அவரை விருந்தோம்பியதையும், தீனவரிலிருந்து காலி ஆறு பர்ஸக் தொலைவு என்று அவர் எழுதியதையும் கூறினோம்.

“ஒரு பர்ஸக் எத்தனை கிலோமீட்டர்?”

“ஏறத்தாழ ஐந்தரை.”

“அப்போ முப்பத்துமூணு. ஆனா இங்கே ஐம்பது பக்கம் காட்டுது” என்று கைப்பேசியின் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினான். பயணியின் தொழுகைச் சுருக்கத்துக்குப் பர்ஸக்கைக் கணக்கிட்டு வாழ்நாளெல்லாம் பாடம் சொன்ன நாம், அதை ஒரு சாலையின்மேல் வைத்துப் பார்த்ததில்லை. அவர் நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்த நூல் ஆதலின் அளவு குறைந்திருக்கலாம் என்றோம். “இல்லேன்னா அவருக்குப் பேச்சுத்துணை நல்லா இருந்திருக்கும், தூரம் தெரிஞ்சிருக்காது” என்றான் அவன். துணைவியார் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார். நாம் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்த ஒலி அவ்வீட்டுக்குப் புதிது.

பதின்மூன்று இடங்கள் ஆறாகக் குறைந்தன. குறைத்தவன் அவன், இசைந்தவர் நாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அக்கரையில் இறங்குவதால் டிசம்பர் இறுதி, அரையாண்டுத் தேர்வு விடுமுறையே ஏற்றது என்று முடிவாயிற்று. நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்புறம் ஓட்டுவது என்பது பெரும் ஆறுதல். ஊர்ப்பகுதியில் ஐம்பது, பிற சாலைகளில் எழுபது, விரைவுச்சாலையில் நூறு கிலோமீட்டர் என்று வேக வரம்புகளைச் சிவப்பு மையில் எழுதினான். கொழும்பிலிருந்து காலி வரை கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர். ஊர்களின் ஊடே செல்வது. தெற்கு விரைவுச்சாலை 2011இல் காலி வரையும், 2014இல் மாத்தறை வரையும் திறக்கப்பட்டது. போகும்போது கடலோரமாய் ஊர் பார்த்துக்கொண்டு போவது, வரும்போது விரைவுச்சாலையில் திரும்புவது என்பது அவன் திட்டம். தன் விருப்பமாக அவன் சேர்த்தது ஒன்றே: வெலிகமக் கடற்கரையில் ஒரு மணி நேரம். என்ன பார்க்க என்று கேட்டோம். “ஒண்ணும் பார்க்க வேணாம். சும்மா உட்காரணும்” என்றான். அவ்வொரு மணி நேரம் நம் பதின்மூன்றில் எங்கும் இல்லை.

வண்டியைத் தானும் சிறிது தூரம் ஓட்டலாமா என்று கேட்பான் என எதிர்பார்த்து, மறுமொழியும் ஆயத்தமாய் வைத்திருந்தோம். பதினெட்டு நிரம்பாமல் இக்கரையிலும் அக்கரையிலும் கார் ஓட்ட இயலாது அல்லவா? அவன் கேட்கவேயில்லை. வழி சொல்வது தன் பொறுப்பு என்று மட்டும் எழுதிவைத்தான்.

அவன் எழுதிய திட்டத்தில் ஒரு செய்தி நம் நெஞ்சைக் குளிர்வித்தது. ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்குமேல் ஓட்டம் இல்லை. டிசம்பர் இறுதியில் அங்கே சூரியன் ஆறு மணியளவில் மறையும். ஐந்து மணிக்கு எதிரே, ‘மக்ரிப் ஜமாஅத்துக்கு வசதி’ என்று அவன் கையெழுத்தில் குறிப்பு இருந்தது. மூன்றுமுறை அழைத்தால்தான் தொழுகைக்கு எழுபவன் மக்ரிபுக்காக ஒரு பயணத்தையே நிறுத்திவைத்திருக்கிறான்! உள்ளூர நிறைந்து அல்லாஹ்வைப் புகழ்ந்தோம். மறுநாள் மத்ரஸாவில் நண்பர் இருவரிடம் பெருமையும் பேசினோம்.

பிழை அதன்பின் நேர்ந்தது. செலவைச் சுருக்கும் எண்ணத்தில் நாம் ஒரு திருத்தம் சொன்னோம். மாலையில் இறங்கும் வானூர்தியில் சென்று, நிலையத்திலேயே காரை எடுத்து, இரவோடு இரவாகக் காலிக்குப் போய்விட்டால் கொழும்பில் தங்கும் ஓர் இரவின் வாடகை மிஞ்சும்; விமான நிலையத்திலிருந்து காலி வரை விரைவுச்சாலையிலேயே செல்லலாம் என்றோம்.

“வேணாம் வாப்பா.”

“ஏன்? மக்ரிபை நிலையத்திலேயே தொழுதுவிடலாம். பயணிக்குச் சேர்த்துத் தொழும் சலுகையும் உண்டு.”

அவன் பேசாதிருந்தான். நாம் விடவில்லை, ஆசிரியரின் குணம் அது. சட்டச் சலுகைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அவன் காரணத்தை அவனுக்கே மறுத்துக்காட்டினோம். இறுதியில், குறிப்பேட்டைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னான்: “பரமக்குடி தாண்டி நின்ன லாரியை நீங்க பார்க்கலே, வாப்பா.”

வாசகர்களே, இந்த இடத்தில் நாம் உண்மையை மறைக்காமல் எழுதியாக வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன் மதுரையில் ஒரு நிக்காஹ் முடிந்து இரவில் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே வரும் பேருந்துகளின் விளக்குகள் சில காலமாகவே நமக்குப் பூவாய் விரிந்து, சாலையையே விழுங்கிவிடும். அன்று பரமக்குடிக்கு இப்பால், பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நின்றிருந்த லாரியை முழங்கை அளவு இடைவெளியில்தான் தவிர்த்தோம். துணைவியார் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தார். மகன் நம் பக்கத்தில் கைப்பேசியில் தலைகுனிந்திருந்தான். அவன் காணவில்லை என்றே நம்பினோம். கண் மருத்துவர் அதற்கு முன்பே கண்புரையின் தொடக்கம் என்று கூறியிருந்தார். அதை நாம் எவரிடமும் சொல்லவில்லை. நாற்பதாம் வயதில் அரும்பாடுபட்டுக் கற்ற கலை அது. அதைவிட, வீட்டில் சாரதியாய் இருப்பவர் தாமே என்ற எண்ணத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இரவு அழைப்புகளுக்கெல்லாம் மூட்டு வலி, மறுநாள் பாடம் என்று சாக்குச் சொல்லி வந்தோம்.

அவன் கண்டிருக்கிறான். ஐந்து மாதம் தன் உம்மாவிடமும் சொல்லாமல் காத்திருக்கிறான். பயணம் என்ற பேச்சு எழுந்ததும், தகப்பனின் குறையைத் தகப்பனிடமே சொல்லாமல், தொழுகை என்னும் போர்வையால் மூடி, இரவு ஓட்டத்தை ஒவ்வொரு நாளிலிருந்தும் அகற்றியிருக்கிறான். பிறர் குறையை மறைப்பதற்கு அரபியில் ‘ஸத்ர்’ என்பர். அதன் சிறப்பைப் பற்றி நாம் நிகழ்த்திய உரைகள் பல. அதைச் செய்துகாட்டியவனை, ஓதவில்லை என்று மூன்றாண்டுகளாக மனத்தாங்கலோடு பார்த்து வந்தோம். அவன் ஓதாமல் இல்லை. நம் காதில் விழும்படி ஓதவில்லை.

அவ்விரவு நமக்கு உறக்கம் இல்லை. அவன் மறைத்தது நம் மானத்தை. நாம் மறைத்ததோ மூன்று உயிர்களின் ஆபத்தை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்க இயலாது. காலையில் துணைவியாரை அழைத்து, லாரியையும் கண்ணையும் பற்றி மகன் முன்னிலையிலேயே சொன்னோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “பேருவளையும் வேணாம், காலியும் வேணாம். ரயில்லே போவோம்” என்றார். உண்மையான செலவழுங்குதல் அதுதான். அவரிடம் மறுத்துரைக்க நமக்கு வாயில்லை.

மூவருமாக மருத்துவரிடம் சென்றோம். அவர் விரிவாகச் சோதித்து, பார்வை பகலில் ஓட்டுவதற்குத் தடையாக இல்லை, இருட்டில் மட்டும் ஓட்டவே கூடாது, திரும்பி வந்ததும் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் மகன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். வெளியே வந்தபின் தன் உம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினான். ஐந்து மணி என்பதைக் கோடிட்டு நான்கு என்று திருத்தியிருந்தான். துணைவியார் அதைப் பார்த்துவிட்டு, “இவன் சொன்னா நிறுத்துவீங்களா?” என்று நம்மைக் கேட்டார்.

அதற்கு விடை நம் நூல்களிலேயே இருந்தது. மூவர் பயணம் புறப்பட்டால் தம்முள் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். இமாம் கஸ்ஸாலியும் தம் ‘இஹ்யா’வில் பயண ஒழுக்கத்துக்கென ஒரு பகுதியை ஒதுக்கி இதனை விரித்துரைக்கிறார். இதுகாறும் நாம் மேற்கொண்ட பயணங்களில் தலைவர் யார் என்ற கேள்வியே எழுந்ததில்லை. மூத்தவர், கற்றவர், வண்டி ஓட்டுபவர் எல்லாம் நாமாகவே இருந்தோம். அன்று வீட்டு வாசற்படியில் நின்று, இந்தப் பயணத்துக்கு நம் மகனே அமீர் என்று சொன்னோம். அவன் நிறுத்தச் சொல்லும் இடத்தில் வண்டி நிற்கும், காரணம் கேட்கமாட்டோம்.

அவன் முகம் சிவந்தது. ஏதும் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். சிறிது நேரத்தில் திரும்பிவந்து, தலைவன் என்ற முறையில் முதற்கட்டளை இட்டான்: “கொழும்பிலே முதல்ல மியூசியம் போறோம். அந்தக் கல்லுலே உள்ள தமிழை நீங்க எனக்குப் படிச்சுக் காட்டணும்.” கல் மிகவும் தேய்ந்திருக்கும், நம் கண்ணும் தேய்ந்திருக்கிறது என்றோம். “நான் பக்கத்திலே இருக்கேன்ல” என்றான்.

புதுப்பித்த பாஸ்போர்ட்டுகள் மூன்றும் இப்போது அலமாரியில், கிதாபுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அனைத்துலக அனுமதிக்கு மனுக் கொடுத்தாயிற்று. அரையாண்டுத் தேர்வு முடிந்த மூன்றாம் நாள் புறப்பாடு, இன்ஷா அல்லாஹ். மாலை நான்கு மணிக்கு வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை அமீர் எழுதிவிட்டார். நாம் கையொப்பம் இட்டிருக்கிறோம்.